அரைக்காணியும் முந்திரியும்

திருவனந்தபுரம்
12-9-1975

அன்புள்ள பூவாத்தாளுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. கிணறு வற்றிவிட்டது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்கு அன்று முழுவதும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இங்கே பாழாய்ப்போன மழை விட்டபாடில்லை. அறைக்குள் கட்டிய கொடியில் வேட்டி மூன்று நாளாக ஈரம். அங்கே நம் காடு கழனி காய்கிறது. இந்த வானத்துக்கு நியாயம் ஏது?

என் சங்கதி உனக்குத் தெரிந்ததுதான். இந்தக் கம்ப்யூட்டர் நிலையத்தில் நான் பத்து மாதமாகத் தற்காலிகம். நவம்பரில் நிரந்தரம் செய்வார்கள், இல்லையென்றால் போய்வா என்பார்கள். போய்வா என்றால் எந்த முகத்தோடு நடுப்பதிக்கு வருவேன் என்று தெரியவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

ஒரு அதிசயம் கேள். நம் ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம் என்பதால், நடுப்பதி வாய்க்காலின் முறைத் தண்ணீரைப் பங்கு போடும் வேலை என் மேஜைக்கே வந்திருக்கிறது. என் சொந்த ஊர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நூற்றுப்பத்து வீடு. வாரத்துக்குப் பத்தாயிரத்து எண்பது நிமிஷம். பழைய பத்திரங்களில் எழுதியிருக்கிற காணி, முந்திரி என்கிற பங்குப் பின்னங்களையெல்லாம் கூட்டி, வீட்டுக்கு இத்தனை நிமிஷம் என்று மிஷின் பட்டியல் அடித்துத் தரும். தசமத்தில் போட்டால் கடைசி இலக்கங்கள் உதிர்ந்துவிடுகின்றன, கூட்டினால் வாரம் நிறைவதில்லை. ஆகவே பின்னத்தைப் பின்னமாகவே கூட்டும்படி எழுதியிருக்கிறேன். மிச்சம் விழுகிற நிமிஷத்தை மற்ற வீடுகளுக்குப் பகிர்ந்துவிடும், ஒரு நிமிஷமும் வீணாகாது.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். இங்கே எல்லோரும் முழுவதும் எழுதிவிட்டு ஒரேயடியாக ஓட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூட்டுகிற துண்டு, சுருக்குகிற துண்டு என்று தனித்தனியாகப் பிரித்துச் சோதிக்க நினைக்கிறேன். விடை தெரிந்த கணக்கை உள்ளே கொடுத்தால் அதே விடை வெளியே வர வேண்டும். கணக்கையும் நானே போட்டால் என் தப்பு என் கண்ணில் படாது. உனக்குத்தான் பின்னம் தலைகீழ்ப் பாடமாயிற்றே. நம் வாய்க்கால் பங்குகளிலிருந்தே ஐந்து கணக்கும் விடையும் எழுதி அனுப்பு.

அதில் பெரிய எண்ணாகவும் ஒன்று இருக்கட்டும். இந்த மிஷினில் ஒரு எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் 32,767 வரைதான் பிடிக்கும். அதற்கு மேல் ஒன்று கூடினாலும் மைனஸ் 32,768க்கு விழுந்து, அங்கிருந்து மறுபடி ஏறி வரும். சத்தம் போடாது, தப்பு என்றும் சொல்லாது. அதுதான் எனக்குப் பயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புள்ள
காளிச்சாமி

---

நடுப்பதி
21-9-1975

அன்புள்ள மாமாவுக்கு,

பூவாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பொய்யாக எதற்கு எழுதுவது? அத்தைக்கு மூட்டுவலி. கறவை மாட்டை விற்றாயிற்று. கிணற்றில் தவளைகூட இல்லை. பத்து மாதமாக வீட்டுக்காரியை நினைக்காதவருக்குக் கணக்கு என்றதும் நினைப்பு வந்துவிட்டது. அந்த மிஷினுக்கு ஒரு கும்பிடு.

இங்கே உங்கள் பட்டியலைப் பற்றித்தான் பேச்சு. எல்லோரும் பழைய முறைச் சீட்டை வாய்க்கால் கமிட்டியில் ஒப்படைத்துவிட்டு, இனி மிஷின் சொல்கிறபடி கேட்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். பாதிப்பேர் போட்டுவிட்டார்கள். சென்னியப்பண்ணன் மட்டும் அசையவில்லை. "மிஷினு எப்பிடி அம்மிணி என்ற தண்ணிய அளக்கும்? அதுக்கு வாய்க்கா எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியுமா?" என்கிறார். கிணறு கைவிட்டதால் அண்ணனுக்கு இந்த முறைத் தண்ணீர்தான் உயிர். ஒரு ஏக்கர் மிளகாய் நட்டிருக்கிறார். ஓரத்தில் அறுபது தென்னம்பிள்ளை. அப்பா செத்த பிறகு என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். நான் என்ன சொன்னாலும் கேட்பார், இந்த ஒன்றைத் தவிர.

கணக்குக்கு வருகிறேன். அரையும் காலும் முக்கால். இதுவும் வராவிட்டால் மிஷினைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இரண்டு காணி சேர்ந்தால் நாற்பதில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, சேர்ந்தால் நாற்பதில் மூன்று. நம் வீட்டுப் பங்கு காணியும் அரைக்காணியும், அது நூற்றறுபதில் மூன்று. கடைசியாக அரைக்காணியும் முந்திரியும். நூற்றறுபதில் ஒன்று, முந்நூற்றிருபதில் ஒன்று. விடை முந்நூற்றிருபதில் மூன்று. பெரிய எண் வேண்டும் என்றீர்கள். முந்திரிக்கு மேல் சின்னப் பங்கும் நம் வாய்க்காலில் இல்லை, முந்நூற்றிருபதுக்கு மேல் பெரிய எண்ணும் இல்லை. உங்கள் முப்பத்திரண்டாயிரத்துக்கு இது எந்த மூலை?

இந்த ஐந்தாவது ஒருவருடைய பங்கு. யாருடையது என்று இப்போது சொல்லமாட்டேன். விடையை மட்டும் எழுதுங்கள், பிறகு சொல்கிறேன்.

இரவில் வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள்.

உங்கள்
பூவாத்தாள்

---

திருவனந்தபுரம்
6-10-1975

அன்புள்ள பூவாத்தாளுக்கு,

கணக்குகள் கிடைத்தன. ஐந்தையும் கார்டில் துளைத்து வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டினோம். ஐந்தும் சரியாக வந்தன. ஐந்தாவதும், நீ எழுதியபடியே, முந்நூற்றிருபதில் மூன்று.

மேலதிகாரிக்குத் திருப்தி. புரோகிராம் சோதிக்கப்பட்டது என்று எழுதி, கீழே நான் கையெழுத்தும் போட்டாயிற்று. நிரந்தரப் பட்டியலில் என் பெயரும் போகிறது என்று காதில் விழுந்தது. இப்போதே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

உன் அன்புள்ள
காளிச்சாமி

---

நடுப்பதி
15-10-1975

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த வருஷத்தில் இது எத்தனையாவது சிரிப்பு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்கள் கடிதம் தபால்காரர் கையில் மெலிந்து கிடந்தது, ஆனால் அதில் இருந்த ஒரு வரி போதும்.

அந்த ஐந்தாவது, சென்னியப்பண்ணனுடைய பங்கு. அரைக்காணி அப்பா வழி, முந்திரி, அண்ணன் கட்டிய நங்கை வீட்டில் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்தது. முன்பே சொன்னால் மச்சான் பங்கு என்று நீங்கள் பத்துத் தரம் திருப்பிப் பார்ப்பீர்கள், அதனால்தான் சொல்லவில்லை. மிஷின் யார் என்று பார்க்காமலே சரியாகச் சொல்லிவிட்டது பாருங்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கிழக்குப்பதிக்குப் போனேன். அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது, அந்த வரியை இரண்டு தரம் படித்துக் காட்டினேன். முந்நூற்றிருபதில் மூன்று என்றால் வாரத்துக்குத் தொண்ணூற்று நாலரை நிமிஷம் என்று தரையில் எழுதிப் போட்டும் காட்டினேன். "நீ சொன்னாச் செரி அம்மிணி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அன்றைக்கே சீட்டை ஒப்படைத்துக் கைநாட்டு வைத்துவிட்டார். அண்ணனே வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு மிச்சம் இருந்தவர்களும் வைத்துவிட்டார்கள்.

பெரியம்மாள் நங்கை உங்களுக்கு ஒரு படி மிளகாய் எடுத்து வைப்பதாகச் சொன்னாள். செடி இன்னும் முழங்கால் உயரம்கூட வரவில்லை.

உங்கள்
பூவாத்தாள்

---

21-10-1975

பூவாத்தாள், இதை நான் தபாலில் சேர்க்கப்போவதில்லை. ஆனாலும் ஒரு தாளிலாவது எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நான்கு கணக்குகள்தான் சரியாக வந்தன. உன் ஐந்தாவது கணக்குக்கு மைனஸ் வந்தது. நானூற்று நாற்பத்தெட்டில் பதினைந்து, அதற்கு முன்னால் ஒரு கோடு. நான் பின்னங்களைக் கூட்டும்போது கீழெண்களை அப்படியே பெருக்கச் சொல்லியிருந்தேன். நூற்றறுபதை முந்நூற்றிருபதால் பெருக்கினால் ஐம்பத்தோராயிரத்து இருநூறு. பெட்டி நிறைந்து எகிறிவிட்டது. நீ எந்த மூலை என்று கேட்டாயே, இந்த மூலைதான். இதே மாதிரி பங்கு உள்ள வீடுகள் எல்லாவற்றுக்கும் இதே கதி.

பெருக்குவதற்கு முன்னால் பொதுவான எண்ணால் வகுத்துவிட்டால் போதும். இரண்டே கார்டு வேலை. ஆனால் அடுத்து மிஷின் கிடைப்பது பதினைந்து நாள் கழித்து. மேலதிகாரி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். "ரெடியா காளிச்சாமி? இன்னிக்கு ஒப்பு வைக்கணும்" என்று கையெழுத்துத் தாளை நீட்டினார். நான் ஐந்தாவது கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு இன்னும் கேவலமாக ஒன்று செய்தேன். பங்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என ஒரு கார்டைச் செருகினேன். பட்டியலில் மைனஸ் என்று அடித்தால் யாராவது கேட்பார்களே. கார்டு துளைக்கிற கத்தரீனாள், "சாரே, அஞ்சு கொடுத்தேனே, நாலுதான் இருக்கு?" என்றாள். எண்ணத் தெரியாதவளா என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

பட்டியல் அடிப்பதற்குள் திருத்திவிடலாம் என்றுதான் உனக்கு அப்படி எழுதினேன். சத்தியமாக. நேற்று உன் கடிதம் வந்தது. பட்டியல் போன வாரமே அடித்துக் கட்டி அனுப்பப்பட்டுவிட்டது. அது மச்சானுடைய பங்கு.

இப்போது போய்ச் சொன்னால் நான் பொய்க் கையெழுத்துப் போட்டவன். எனக்குப் பயமாக இருக்கிறது பூவாத்தாள்.

---

திருவனந்தபுரம்
23-10-1975

அன்புள்ள பூவாத்தாளுக்கு,

கடிதம் கிடைத்தது. மச்சான் இவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாம். பழைய முறைச் சீட்டைத் திரும்ப வாங்க முடியுமா என்று விசாரித்துப் பார். புதுப் பட்டியல் என்றால் ஆரம்பத்தில் சில்லறைக் குழப்பங்கள் வரத்தான் செய்யும். வந்தால் கமிட்டியில் மனுவாக ஒரு அபேக்ஷை எழுதிக் கொடுக்கச் சொல்.

என் வேலை விஷயம் நல்லபடியாகப் போகிறது. அம்மாவுக்குத் தைலம் வாங்கி அனுப்புகிறேன்.

காளிச்சாமி

---

நடுப்பதி
9-12-1975

அன்புள்ள மாமாவுக்கு,

ஒன்றாம் தேதி முதல் உங்கள் பட்டியல்தான் நடக்கிறது. கமிட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். சென்னியப்பன், கிழக்குப்பதி, பூஜ்யம். அண்ணனோடு சேர்த்து ஏழு வீடு அப்படி. என் கண்தான் கெட்டுவிட்டதோ என்று விரலை வைத்துக் கோடு பிடித்துப் பார்த்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். நமக்கு நூற்றெண்பத்தொன்பது நிமிஷம் வர வேண்டும், இருநூற்றிரண்டு என்று போட்டிருக்கிறது. பதின்மூன்று நிமிஷம் கூட. ஒரு நிமிஷமும் வீணாகாது என்றீர்களே, அந்த ஏழு வீட்டுத் தண்ணீர்தான் மற்றவர்கள் காட்டுக்குப் போகிறது. நம் முறை இப்போது செவ்வாய்க்கிழமை காலை. அது அண்ணனுடைய பழைய நேரம்.

நான் மடையைத் திறந்து தண்ணீர் கட்டுகிறபோது அண்ணன் வரப்பில் வந்து நிற்கிறார். அவர் மிளகாய்ச் செடி தலை தொங்கிவிட்டது. ஊருக்கு வாய் சும்மா இருக்குமா? புருஷன் மிஷினில் உட்கார்ந்திருக்கிறான், பெண்டாட்டி அண்ணனை ஏமாற்றிக் கைநாட்டு வைக்கச் சொன்னாள், தண்ணீர் யார் காட்டில் பாய்கிறது பாருங்கள் என்கிறார்கள். எனக்கே கேட்கும்படி சொல்கிறார்கள். அத்தையோ, "வர்ற தண்ணிய வேண்டாங்கறவ உன்னாட்டக் கிறுக்கி ஊருல உண்டா?" என்கிறார்கள்.

ஏழு வீடும் சேர்ந்து அபேக்ஷை கொடுத்தாயிற்று. கம்ப்யூட்டரில் தப்பு வராது, அடுத்த பரிசோதனை ஏப்ரலில் என்று பதில் வந்துவிட்டது. இந்த எமர்ஜென்சி காலத்தில் இதற்கு மேல் வாயைத் திறந்தால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் நடுக்கம்.

நீங்கள் சோதித்த மிஷின்தானே இது? என்ன நடந்தது என்று உடனே எழுதுங்கள். அண்ணன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

உங்கள்
பூவாத்தாள்

---

திருவனந்தபுரம்
20-12-1975

அன்புள்ள பூவாத்தாளுக்கு,

விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பத்திரத்திலிருந்து எடுத்து எழுதியவர்கள் தவறு செய்திருக்கலாம். நீ அவசரப்பட்டு யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். பொறுமையாக இரு.

நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. சந்தோஷப்படுவாய் என்று எழுதுகிறேன்.

காளிச்சாமி

---

நடுப்பதி
16-1-1976

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்றுப் பொங்கல். எங்கள் வீட்டிலும் அண்ணன் வீட்டிலும் பானை வைக்கவில்லை.

ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை நான் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். "அம்மிணி, அரைமணி நேரம் விடு. தென்னம்பிள்ளைக்கு மட்டும். மொளகா போனாப் போகுது" என்றார். என்னைத் தூக்கி வளர்த்தவர் என்னிடம் பிச்சை கேட்கிறார் மாமா. நான் மண்வெட்டியை வாங்கி நானே மடையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். மடைக்காவல் ஆறுச்சாமி பார்த்துவிட்டுக் கமிட்டிக்கு ஓடினார். போலீஸ் வந்தது. சீட்டு இல்லாமல் அரசாங்கத் தண்ணீரை எடுத்ததாக அண்ணன் மேல் கேஸ். திருப்பியது நான்தான் என்று தொண்டை கிழியக் கத்தினேன். "நீங்க ஊட்டுக்குப் போங்கம்மா, உங்க பேருலதான் சீட்டு இருக்குது" என்று சொல்லிவிட்டு அவரை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த மண்வெட்டியைக்கூட சாட்சி என்று எடுத்துப்போனார்கள். எட்டு நாள் கழித்து ஜாமீனில் வந்திருக்கிறார். பிப்ரவரி ஒன்பதாம் தேதி விசாரணை.

பத்திரம் எழுதியவர்கள் தவறு என்றீர்கள். கமிட்டியில் போய்ப் பார்த்தேன். அரைக்காணி, முந்திரி என்று சரியாகவே எழுதியிருக்கிறார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து, உங்கள் மிஷின் செய்வதை நானே செய்து பார்த்தேன். கீழெண் இரண்டையும் பெருக்கினேன். ஐம்பத்தோராயிரத்து இருநூறு. உங்கள் செப்டம்பர்க் கடிதத்தில் சொன்ன பெட்டியில் அது பிடிக்காது. விழுந்து ஏறி வரவேண்டிய இடத்தை எண்ணினேன், மைனஸ் பதினாலாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. மேலெண் நானூற்றெண்பது. முப்பத்திரண்டால் சுருக்கினால் நானூற்று நாற்பத்தெட்டில் பதினைந்து, மைனஸ். பூஜ்யம் வந்த மற்ற ஆறு வீட்டுப் பங்கையும் போட்டேன், எல்லாம் மைனஸ். நம் பங்கைப் போட்டேன், அது பிளஸ்.

அரிசி களைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. முந்நூற்றிருபதில் மூன்று என்று அக்டோபரில் எழுதினீர்களே, அதை மிஷின் சொன்னதா, நீங்கள் சொன்னதா?

எதுவாக இருந்தாலும் எனக்கு ஒரு வரி வேண்டும். பட்டியல் தப்பு, சென்னியப்பன் பங்கு அவருக்கு உரியதுதான் என்று நிலையத்தின் தாளில் எழுதி அனுப்புங்கள். அது இருந்தால் கேஸ் நிற்காது என்று வக்கீல் சொல்கிறார். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

பூவாத்தாள்

---

திருவனந்தபுரம்
27-1-1976

என் பூவாத்தாளுக்கு,

நான் சொன்னதுதான். மிஷின் மைனஸ் என்றுதான் சொன்னது. நீ போட்டிருக்கும் விடை ஒரு இலக்கம் பிசகாமல் அதுவேதான். கார்டை எடுத்து ஒளித்தேன், மைனஸைப் பூஜ்யமாக்கவும் ஒரு கார்டு செருகினேன். அன்றைக்கு எழுதி அனுப்பாமல் வைத்த ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. என்னைக் காறித் துப்பு, நான் துடைத்துக்கொள்ளமாட்டேன்.

போன வாரம் திருத்தக் கார்டு இரண்டையும் சேர்த்துவிட்டேன். உன் ஐந்து கணக்கையும் மறுபடி ஓட்டினேன், மற்ற ஆறு வீட்டுப் பங்கையும் ஓட்டினேன். இந்தத் தரம் நிஜமாகவே சரியாக வந்தன. ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம், பிப்ரவரிப் பட்டியலிலேயே ஏழு வீட்டுக்கும் தண்ணீர் வந்துவிடும். வழக்கமான புதுப்பிப்பு என்று சொல்லி மாற்றினேன். யாருக்கும் தெரியாது.

நீ கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. நான்கு முறை தாளை எடுத்து வைத்தேன். எழுதினால் சோதித்ததாகப் பொய்க் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்பார்கள். இந்தக் காலத்தில் வேலையோடு நிற்காது. ஒரு வருஷம் நாயாகக் கிடந்து கிடைத்த வேலை. மச்சான் பெரிய மனசுக்காரர். கேஸ் சின்னது, எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு வீடு பார்த்திருக்கிறேன். குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருகிறது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிடு. மீதி நாளையாவது நல்லபடியாக இருப்போம்.

உன்
காளிச்சாமி

---

நடுப்பதி
28-2-1976

மாமாவுக்கு,

கடைசியாக எழுதுகிறேன், எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதமும் அந்தத் தாளும் ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி வந்தன. ஒரு வரி எழுத முடியாது என்று மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள். நிலையத்தின் தாள் இல்லாவிட்டால் என்ன, உங்கள் கையெழுத்து இருக்கிறது, இதுவே போதும் என்று வக்கீல் சொன்னார். கோர்ட்டில் கொடுத்தால் உங்கள் வேலை போகும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வாரம் யோசித்தேன். கொடுப்பது என்று முடிவு செய்தேன். இதை உங்களிடம் மறைக்க எனக்கு அவசியமில்லை.

விசாரணை அன்று விடிந்ததும் கிழக்குப்பதிக்குப் போனேன். அண்ணனுக்கும் நங்கைக்கும் முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினேன். கார்டைப் பையில் போட்ட இடம் வந்தபோது நங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் கடைசி வரி வரை கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "இத்தன நாளா நீயும் தெரிஞ்சுதான் படிச்சயோன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு அம்மிணி. இப்ப இல்ல" என்றார். அது போதும் என்று எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

பிறகு கையை நீட்டினார். பார்க்கத்தான் கேட்கிறார் என்று கொடுத்தேன். எழுந்து போய் எல்லாவற்றையும் அடுப்பில் வைத்துவிட்டார். நான் பாய்ந்து இழுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் ஊட்டுக்காரனுக்கு வேல போயி செயிலுக்கும் போனான்னா நீ எங்க போயி நிப்பே? என்ற தண்ணி என்னோட போகட்டும். உன் குடும்பம் நிக்கட்டும்" என்றார். தாள் முழுவதும் கருகும்வரை கையை விடவில்லை.

கோர்ட்டில் நின்று, நான்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார். பதினைந்து நாள் போட்டார்கள். பெரிய மனசுக்காரர் என்று நீங்கள் எழுதியது சரிதான். அந்த மனசின் மேல்தான் நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அண்ணன் ஜெயிலில் இருக்கும்போது உங்கள் புதுப் பட்டியல் வந்தது. தொண்ணூற்று நாலரை நிமிஷம் என்று சரியாக இருக்கிறது. அந்த வாரம் தண்ணீரை நானே கட்டினேன். மிளகாய்க் காடு சுள்ளியாகிவிட்டது. தென்னம்பிள்ளை அறுபதில் ஒன்றாவது பிழைக்காதா என்று ஒவ்வொன்றின் குருத்தையும் பிடித்துப் பார்த்தேன். இழுத்தால் கையோடு வந்தது. அண்ணன் விடுதலையாகி வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மறுநாளே நிலத்தைக் கருப்புசாமி வீட்டாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உடும்பஞ்சோலையில் ஏலக்காட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். நங்கையும் அவருமாக நாளைக் காலைப் பொள்ளாச்சி பஸ்ஸில் போகிறார்கள்.

மிஷின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்கு முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நாலு மாதம் பேசாமல் இருந்தீர்கள், அதில் இரண்டு மாதம் நான் அண்ணன் தண்ணீரை எடுத்து நம் காட்டுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நீங்கள் பயந்தீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. புரிந்தும் மனது வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? உங்களை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அத்தையை உங்கள் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். தைலமும் துணிமணியும் கூடவே இருக்கின்றன. வந்து திருவனந்தபுரத்துக்கு அழைத்துப்போங்கள், மூட்டுவலியோடு தனியாக இருக்க முடியாது. காட்டைக் குத்தகைக்கு விடுவதோ விற்பதோ உங்கள் இஷ்டம். வீட்டுச் சாவி சித்தப்பாவிடம் இருக்கிறது.

நாளை அந்தப் பஸ்ஸில் நானும் ஏறுகிறேன். அண்ணனுக்கு இன்னும் தெரியாது. என் குடும்பம் நிற்க வேண்டும் என்று அவர் அடுப்பில் போட்டதற்கு நான் செய்வது துரோகம்தான். ஆனாலும் அந்தக் குழாய்த் தண்ணீரை என்னால் குடிக்க முடியாது. இப்போதே சொன்னால் என் கையைப் பிடித்து உங்களிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். வண்டி பொள்ளாச்சி தாண்டிய பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

பூவாத்தாள்